ஓடக்காரன் வேம்பனின் கடைசி வாரம்

திருகோணமலையில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் ஒரு பெயர்ப்பலகையோடு சண்டை போட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்று மொழிகளில் ஏதோ அறிவிப்பு வைத்திருந்தார்கள். சிங்களம் எனக்குத் தெரியாது. ஆங்கிலம் ஒழுங்காக இருந்தது. தமிழில் மட்டும் நாலு வார்த்தைக்கு மூன்று பிழை. பையில் பேனா இருக்கிறதா என்று கை தானாகத் தேடியது. பலகை எட்டாத உயரத்தில் இருந்ததால் தப்பித்தது. அதன் காலடியில் ஒரு புள்ளிமான் நின்று, எவரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த இடத்தில் மாடு நிற்கும்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். புத்தகம் அச்சேறும் முன் எழுத்து எழுத்தாகப் படித்துத் தப்புகளைத் திருத்துவது என் வேலை. முப்பது வருஷமாக இதே தொழில் என்பதால், கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டேன், ஒற்று சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். எழுத்தாளர் எழுதியதில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் உரிமையில்லை என்பது என் கட்சி. அப்படிக் கை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

எங்கள் அச்சகத்தில் ஒரு பெரிய மாயக்கதை அச்சாகிறது. ஐந்து பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். பெயரைச் சொன்னால் முதலாளிக்கு விளம்பரம் செய்கிறேன் என்பார்கள், விடுங்கள். உப்பால் கட்டிய ஒரு நகரம், அதைப் பறிகொடுத்த ஓர் இளவரசி, அவளைச் சுமந்து பறக்கும் ஆமைகள், ஏழு ஏரிகளுக்கு அப்பால் ஒரு கறுப்புக் கோட்டை. இந்த வயதில் இது என்ன பைத்தியம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. ஆமை முதன்முதலாகப் பறக்கும் பக்கத்தை மெய்ப்புப் பார்த்த அன்று நான் மூன்று பிழைகளைக் கோட்டை விட்டேன். அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

அந்தக் கதைக்கு இலங்கையில் ஒரு வாசகி உண்டு, யோகா டீச்சர். திருகோணமலைக்காரி. ஐந்தாம் பாகம் எப்போது வரும் என்று அச்சகத்துக்குப் போன் செய்து செய்து எனக்குச் சிநேகிதி ஆகிவிட்டாள். கொழும்பில் ஒரு புத்தகக் கண்காட்சிக்கு எங்கள் கடையோடு நானும் வந்தேன். கொண்டுவந்த ஐந்தாம் பாகமெல்லாம் விற்றுப்போகும் போலிருந்தது. ஒரு பிரதியை என் சேலைக்குள் சுற்றி ஒளித்துவைத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். "தபால்ல போட்டிடாதேங்கோ அக்கா, நீங்களே கொண்டு வாங்கோ. ஒரு கிழமை நிண்டு போகலாம்," என்றாள். கடைக்காரர்களிடம் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

யோகா வீட்டு வாசலில் நின்றால் துறைமுகம் தெரியும். மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. நான் போய் இறங்கியபோது குசினியிலிருந்து பிட்டு அவிகிற வாசம் வந்தது. என் கையைப் பிடிப்பதற்கு முன் புத்தகத்தைத்தான் பிடித்தாள். அட்டையைத் தடவினாள், முகர்ந்து பார்த்தாள், பிறகுதான் "களைச்சுப் போனீங்கள், இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். நாற்பது வயதிருக்கும். தமிழ்ப் பாடம் எடுக்கிறவள். குரல் மட்டும் கோயில் மணிபோல் கணீரென்றிருந்தது.

"உடனே படிக்க ஆரம்பிச்சிருவீங்களா?" என்றேன்.

"அச்சச்சோ. வீட்டில வாசிக்கக்கூடாது அக்கா. இது வான் கதை."

வான் என்று அவள் சொன்னது வேனை. அப்போதுதான் விஷயம் தெரிந்தது. யோகாவும் இன்னும் சில ஆசிரியர்களும் தினமும் டவுனிலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு கட்டைபறிச்சான் பக்கம் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாடகை வேனில் போய் வருகிறார்கள். போக ஒரு மணிக்கு மேல், வரவும் அதே. அந்த நேரத்தில் யோகா உரக்க வாசிப்பாள், வேனே கேட்கும். புத்தகம் டிரைவர் பக்கத்துப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். எவரும் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது, முன்னால் புரட்டிப் பார்க்கக்கூடாது. மூன்று வருஷமாக இப்படியே நாலாம் பாகம்வரை வந்துவிட்டார்கள்.

"ஆனா இந்தக் கிழமைதான் எனக்குக் கடைசி," என்றாள். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவள் கேட்டிருந்த இடமாற்றம் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமையோடு வேனுக்கு முழுக்கு. "ஆறு வருஷமாக் கேட்டனான் அக்கா. கிடைச்சதும் சந்தோசமாத்தான் இருந்தது. பேந்து வானை நினைச்சன், சாப்பாடு இறங்கேல்ல."

திங்கட்கிழமை காலை வேனில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. டிரைவர் ரவூப் நானா. அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, மடித்துவிட்ட சட்டைக் கை. அந்தப் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாலங்களும் ரோடும் சீராகுமுன் குடாவைக் கடக்கும் மூதூர் லாஞ்சுப் படகில் வேலை பார்த்தவராம். இப்போதும் வேனை லாஞ்சு போலத்தான் ஓட்டுகிறார், வளைவுகளில் லேசாகச் சாய்ந்துகொண்டு.

"ஏறுங்க தங்கச்சி. கதவ மெதுவாச் சாத்துங்க, அது கோவக்காரக் கதவு," என்றார்.

மெதுவாகத்தான் சாத்தினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. அவர் அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல, அது எல்லாருக்கும் ஒருக்கா வாறதுதான்" என்றார்.

வேன் டவுனைத் தாண்டியதும் ரேடியோ நின்றது. முன் சீட்டில் யோகா நாலாம் பாகத்தைத் திறந்தாள். எனக்குப் பக்கத்தில் கணக்கு வாத்தியார் கிருபா சேர், கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பின்னால் இரண்டு டீச்சர்மார் சாப்பாட்டுப் பொதியைக்கூட அசைக்காமல் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் சினிமாப் பாட்டுக்கு மேலே கத்திப் பேசியே பழகியவள் நான். ஒரு வண்டி முழுக்க வாயை மூடிக்கொண்டு கதை கேட்பதைப் பார்க்க அதிசயமாக இருந்தது.

ஐந்தாவது ஏரிக்கரையில் படை இறங்கும் இடம். எனக்கு மனப்பாடம். யோகா அழகாக வாசித்தாள், இளவரசிக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. கிண்ணியாப் பாலத்தில் வேன் ஏறும்போது அவள் வாசித்தாள்:

"அப்போது ஓடக்காரன் வேம்பன் மூக்கை உறிஞ்சினான். 'இந்தக் காத்து எனக்குச் சரிப்படாது தாயே. ஒரு சட்டி எருமைத் தயிரும் மேலே ஊற்ற வெல்லப்பாணியும் கிடைச்சால் கோட்டையைப் பிடிக்கிறதைப் பற்றி யோசிக்கலாம்' என்றான்."

ரவூப் நானா விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின் சீட்டு டீச்சர்மாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஓடக்காரன் வேம்பன் இரண்டாம் பாகத்திலேயே செத்துவிட்டான். இளவரசியைக் கரை சேர்த்துவிட்டு, ஏரிப்பூதம் காலைப் பிடித்து இழுக்க, தண்ணீருக்குள் போய்விட்டான். அந்தப் பக்கத்தை நான் மூன்று முறை மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கிற இடம் எதிலும் இல்லை.

வாயைத் திறக்கப் போனேன். யோகா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தேர்வு அறையில் காப்பி அடிக்கிறவனைப் பார்க்கிற பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் உள்ளே கொதித்தது. அடுத்த அரைமணி நேரத்தில் அந்தச் செத்த ஆள் இன்னும் இரண்டு முறை பேசினான், ஒரு முறை பாட்டுக்கூடப் பாடினான்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் என் முழங்கையைக் கிள்ளினாள். "அக்கா, எல்லாம் சொல்றன். நானாவுக்கு முன்னால மட்டும் கதைச்சிடாதேங்கோ." சொல்லிவிட்டு மணி அடிக்க ஓடிவிட்டாள். அன்று முழுக்க நான் மூதூரில் சுற்றினேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சர்க்கரை என்று வளர்ந்தவள் நான். மஞ்சள் போட்ட புளிப்பான சொதியை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டதும், இத்தனை வருஷம் ஏமாந்துவிட்டோமே என்று தோன்றியது. இருந்தாலும் கோபம் தீரவில்லை.

சாயங்காலம் யோகா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், பேசவே முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆமைப் போர். ஆகாயத்தில் ஆமைகளும் கழுகுகளும் மோதும் அந்த அத்தியாயத்தை எழுதியவர் கையில் ஒரு தங்கக் காப்புப் போடலாம். யோகா வாசிக்க வாசிக்க வேனின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஆமைப்படைத் தலைவன் கீழே விழுந்தபோது பின் சீட்டில் ஒரு டீச்சர் மூக்கைச் சிந்தினாள். அவன் மறுபடி எழுந்தபோது ரவூப் நானா ஹார்ன் அடித்தார். எதிரே ஒரு ஈ காக்கை கிடையாது, சந்தோஷத்துக்கு அடித்த ஹார்ன்.

அத்தியாயம் முடிந்து யோகா மூச்சு விட்டாள். கிருபா சேர் கண்ணைத் திறந்து வெளியே பார்த்தார். "நானா, இது என்ன இடம்?"

வேன் சந்தைக் கடைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. மூதூர்ப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே தோப்பூருக்கு வந்திருக்கிறோம். ஆறு பேர் இருந்த வண்டியில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை, என்னையும் சேர்த்து. நானாவாவது சாலையைப் பார்த்திருக்க வேண்டும்.

"போன மாசமும் இப்பிடித்தான்," என்றார் கிருபா சேர் என்னிடம். "பள்ளிக்கூட அதிபர் ஏன் லேற் எண்டு கேட்டார். ஆமை விழுந்திட்டுது எண்டு சொல்ல ஏலுமோ?"

நானா வண்டியைத் திருப்பும்போது சந்தையில் ஒருவர் கை காட்டிச் சிரித்தார். "இண்டைக்கும் கதையா?" என்று கேட்டார். பழக்கமான விஷயம் போலிருக்கிறது.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின் யோகா என்னைக் கரைக்குக் கூட்டிப் போனாள். துறைமுகத்தைப் பார்த்த ஒரு கல்லில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய இறால் வடையைக் கடித்தபடி பேசினோம். இறால் முழுசாக, மீசையோடு வடை மேலே படுத்திருக்கிறது. எங்கள் ஊர் ஆமவடைக்கு இதைக் காட்டினால் வெட்கப்பட்டுச் சாகும்.

"நீங்க செஞ்சது தப்பு யோகா," என்று நேராகவே ஆரம்பித்தேன். "ஒருத்தர் பத்து வருஷம் உட்கார்ந்து எழுதின கதை. அவர் கொன்ன ஆளை நீங்க எப்படி உயிரோட நடமாட விடலாம்?"

அவள் மறுக்கவில்லை. "ஓம் அக்கா. பிழைதான். கேளுங்கோ."

ரவூப் நானாவின் மனைவி நோயாகப் படுத்திருந்தாராம். வேனில் கேட்கிற கதையை நானா தினமும் வீட்டில் போய் மனைவிக்குச் சொல்வார். அந்த அம்மாவுக்கு இளவரசி முக்கியமில்லை, ஆமையும் முக்கியமில்லை. எல்லாவற்றுக்கும் குறை சொல்லிக்கொண்டு, ஆனால் கடைசிவரை துடுப்பை விடாத வேம்பனைத்தான் பிடிக்கும். "இண்டைக்கு வேம்பன் என்ன சொன்னான்?" என்று கேட்டுவிட்டுத்தான் மருந்தே குடிப்பாராம். ஒருநாள் அந்த அம்மா மௌத்தாகிவிட்டார். இறப்பை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"சில நாளால நானா திரும்பி வான் ஓட்ட வந்தார். ஒருத்தரோடும் கதைக்கேல்ல. நான் புத்தகத்தைத் திறக்கேக்க மட்டும் கேட்டார், 'ரீச்சர், இண்டைக்கு வேம்பன் வருவானா?' எண்டு. திறந்த பக்கத்தைப் பார்த்தன். அதுதான் அவன் சாகிற பக்கம் அக்கா."

நான் வடையைக் கீழே வைத்தேன்.

"என்ர கண் முன்னுக்கு அரைப்பக்கம் ஓடிப் பார்த்திட்டுது. வாயால வாசிக்க ஏலாமப் போச்சு. பூதம் காலைப் பிடிச்சுது, வேம்பன் துடுப்பால ஒண்டு போட்டான், தப்பி வந்திட்டான் எண்டு வாசிச்சிட்டன். நானா கண்ணாடியில என்னைப் பார்த்துச் சிரிச்சார். அவ மௌத்தான பிறகு அண்டைக்குத்தான் முதல் சிரிச்சவர். பேந்து எப்பிடி அக்கா நான் அவனைக் கொல்லுறது? ஒவ்வொரு நாளும் ரெண்டு வரி, மூண்டு வரி எண்டு ரெண்டு வருஷம் இழுத்துக்கொண்டு வந்திட்டன்."

இப்போது சிக்கல் என்னவென்றால், திங்கட்கிழமையிலிருந்து வாசிக்கப் போகிறவர் கிருபா சேர். கணக்கு வாத்தியார். அச்சில் என்ன இருக்கிறதோ அதைத்தான் வாசிப்பார். ஐந்தாம் பாகத்தில் வேம்பன் கிடையாது. அது மட்டுமில்லை, அவன் செத்ததைப் பற்றி அதில் பேச்சு வருகிறது. எந்தெந்த இடம் என்று யோகாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இளவரசி கறுப்புக் கோட்டை வாசலில் அவனை நினைத்து அழுவாள். அவனுடைய துடுப்பை ஒரு கோயிலில் வைப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் செத்தவர்கள் பெயரைச் சொல்லி விளக்கு விடும்போது முதல் விளக்கே அவனுக்குத்தான்.

"நானா கேட்டால் என்னவாகும்?" என்றாள் யோகா. "வேம்பன் செத்தது மட்டும் இல்லை. ரீச்சர் என்னை ரெண்டு வருஷம் ஏமாத்தினவ எண்டு தெரியவரும். அவ மௌத்தான கிழமையும் திரும்ப வரும். நான் வானில இருக்க மாட்டன், பக்கத்தில இருந்து ஒரு சொல் சொல்லவும் ஏலாது."

கப்பல் விளக்குகள் எரியத் தொடங்கின. மீதி வடையை இருவரும் தின்று முடித்தோம்.

வியாழக்கிழமை காலை வேனில் நான் கதையைக் கேட்கவில்லை, நானாவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேம்பன் பேசும்போதெல்லாம் அவர் வாய்க்குள் அந்த வரியை ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் யாருக்கோ சொல்ல வேண்டிய ஆள் செய்கிற மாதிரி. வீட்டில் இப்போது கேட்க ஆளில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ஆனாலும் உதடு அசைந்தது. என் மனசு அங்கேயே கரைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்ததும் யோகாவின் மேசையில் ஐந்தாம் பாகத்தை எடுத்துப் போட்டேன். "பேனா குடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நீங்க நாளைக்கு வேம்பனை நல்லபடியா வழியனுப்புங்க. நான் இதுல இருக்கிற பிழையைத் திருத்துறேன்."

முதலில் வழியனுப்புவதில்தான் எங்களுக்குள் தகராறு வந்தது. அவனை ஏரி ராஜாவாக முடிசூட்டலாம் என்றாள் யோகா. "கிரீடம் கனக்குதுன்னு அதுக்கும் குறை சொல்வான்," என்றேன் நான். ஆமை மேல் ஏறிச் சந்திரனுக்குப் போகலாம் என்றாள். நானாவுக்கே சிரிப்பு வந்துவிடும் என்றேன். கடைசியில் அவனை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் இரண்டு வரி எழுதினேன், அவள் நாலு வரி எழுதினாள், இரண்டையும் சேர்த்துத் தைத்தோம். என் வாழ்நாளில் அடுத்தவர் கதைக்குள் நான் எழுதிய முதல் வரிகள் அவை.

பிறகு ஐந்தாம் பாகம். கோட்டை வாசலில் இளவரசி அழும் வரியை அடித்தேன். "தொலைதூரத்தில் இருக்கும் வேம்பனை நினைத்து ஏங்கினாள்" என்று ஓரத்தில் எழுதினேன். கோயிலில் வைத்த துடுப்பை அவன் விட்டுப்போன துடுப்பாக்கினேன். முதல் விளக்கை வேறு ஒரு வீரனுக்கு மாற்றினேன். அச்சகத்தில் போடுகிற அதே குறிகள், அதே சுத்தமான எழுத்து. எழுத்தாளர் பார்த்தால் என் கழுத்தை நெரிப்பார். பார்க்க மாட்டார், அந்தப் பிரதி டவுனுக்கும் கட்டைபறிச்சானுக்கும் இடையில்தான் வாழப்போகிறது. வேலையை முடித்துவிட்டு எருமைத் தயிரில் பாணி ஊற்றி ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டேன். வேம்பன் அடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை நானா மூதூரில் ஜும்மா தொழுதுவிட்டுச் சலவைச் சட்டையோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் பிரியாவிடைக்குப் போட்ட மாலை யோகாவின் மடியில் கிடந்தது. திரும்பும் வழியில் நாலாம் பாகத்தின் கடைசி அத்தியாயம். கிண்ணியாப் பாலம் நெருங்கும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"வேம்பன் துடுப்பைக் கரையில் சாத்தினான். 'தாயே, இனி இருப்பதெல்லாம் உன் தண்ணீர். எனக்கு இந்தக் காத்தும் பிடிக்கவில்லை, இந்தக் கோட்டைச் சோறும் பிடிக்கவில்லை. என் வீட்டில் ஒருத்தி, இன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்கக் காத்திருப்பாள். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் போகிறேன்' என்றான். இளவரசி தடுக்கவில்லை. அவன் ஏறிய சிறு தோணி ஏரியின் வெளிச்சத்துக்குள் போய் மறைந்தது."

நானா வண்டியைப் பாலத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். யோகா புத்தகத்தை மூடினாள்.

"போகட்டும்," என்றார் நானா. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். "நல்ல வேலை செஞ்சான். அவ காத்துக்கிட்டுத்தான் இரிப்பா." பிறகு யோகாவைப் பார்த்தார். "நீங்களும் போறீங்க, அவனும் போறான். இனிக் கணக்கு சேர் ஆமைக்கு என்ன குரல் போடப் போறாரோ, அல்லாஹ்தான் காப்பாத்தணும்."

வேன் முழுக்கச் சிரித்தது. யோகா சிரித்துக்கொண்டே அழுதாள், அழுததை ஒளிக்கவும் இல்லை.

டவுனில் இறங்கியபோது ஐந்தாம் பாகத்தைக் கிருபா சேரிடம் கொடுத்தாள். அவர் சும்மா புரட்டினார். என் பேனாக் கோடுகள் இருந்த பக்கத்தில் கை நின்றது. அப்படியே வாசித்தார்.

"அச்சுப் பிழையோ அக்கா?"

"ஆமா சார். எங்க பக்கத் தப்பு. திருத்தினதையே வாசிங்க."

அவர் நானா போய்விட்டாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஓம், ரெண்டாம் பாகத்திலயும் இந்தப் பிழை இருந்தது. யாழ்ப்பாணத்தில மச்சான்ட புத்தகத்தை வாசிச்சனான். ரீச்சர் திருத்தித்தான் வாசிச்சவ." புத்தகத்தை மூடினார். "நானும் அப்பிடியே வாசிக்கிறன்."

யோகா வாயைப் பிளந்தாள். இரண்டு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணை மூடிக் கையைக் கட்டிக்கொண்டு, செத்தவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கணக்கு வாத்தியார்கள் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயத்தை அன்றே மாற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை என்னைப் பஸ் ஏற்றிவிட ரவூப் நானாவே வந்தார். யோகா கட்டித் தந்த பிட்டுப் பொதி ஒரு கையில், நானா தந்த தயிர்ச் சட்டி மறு கையில். கொழும்புவரை இந்தச் சட்டியை எப்படிக் கொண்டுபோவது என்று நான் புலம்பியபடி வர, அவர் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். பஸ் நிலையத்துக்கு எதிரே அந்தப் பிழைப் பலகை அப்படியே இருந்தது. மானைக் காணவில்லை. நான் பலகையை முறைப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"ரீச்சர் சொன்னவ. நீங்க புத்தகத்துல பிழை பார்க்கிற ஆளாமே?"

"ஆமா நானா. அதுதான் வேலை."

பெட்டியை இறக்கிக் கீழே வைத்தார். உடனே நிமிரவில்லை, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப நீங்க சொன்னாச் சரி. வேம்பன் வீட்டுக்குப் போனான் எண்டு ரீச்சர் வாசிச்சாவே. அதுல பிழை ஒண்டும் இல்லத்தானே, தங்கச்சி?"

அந்தப் பாகத்தின் ஒவ்வொரு வரியையும் பார்த்தவள் நான். அவர் முகத்தையும் பார்த்தேன்.

"நானே பார்த்தேன் நானா," என்றேன். "ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்ல."

"அது போதும்," என்று தலையாட்டினார். பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸுக்குள் வைத்தார், தயிர்ச் சட்டி ஆடாமல் இருக்கத் தன் தோள் துண்டால் அதைச் சீட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டு இறங்கினார்.